என் தாளில் இல்லாத பெயர்

...ராசிக்காக விட்டேன் என்று சொல்லிவிட்டால் போயிற்று, பெயரைப் போட்டால் கண் பட்டுவிடும் என்று பயந்து விட்டேன், அப்பன் மனசு அப்படித்தானே, யார் வந்து குறுக்கு விசாரணை செய்யப்போகிறார்கள்... பாலெட் செய்வாள். இருபத்தாறு வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணியவள், ஆகாது என்கிற ஏணிக்கு அடியில் நான் புகுந்து போவதைப் பார்த்தவள், ராசியில்லாத பதின்மூன்றாம் நம்பர் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஆடியவன் நான் என்று தெரிந்தவள். "உனக்கு எப்ப இருந்து ராசி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள், அதற்குமேல் என்னிடம் சரக்கு இல்லை. சரி, மறந்துவிட்டேன் என்று சொன்னால்? பெற்ற பிள்ளையின் பெயரையா? அட கிறுக்கா. டார்லா என் முன்னால் இரண்டாவது பீரை வைத்துவிட்டு, "என்ன கோச், உதடு மட்டும் அசையுது, ஜெபமா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் போய்விட்டாள், நல்ல பெண், இந்த பாரை அவள் அப்பாவுக்குப் பிறகு தனியாளாக நடத்துகிறாள், ஒருத்தர் மனசும் நோக விடமாட்டாள், அவள் கையால்தான் இன்றைக்கு என் தாளைப் பிரிக்கப்போகிறாள்.

அங்கே இருக்கிறது, டார்ட் பலகைக்குப் பக்கத்துச் சுவரில், ஒன்பது தாள்கள், நாலாக மடித்து, மேலே அவரவர் பெயர். என்னுடையது கடைசி வரிசையில், ஜீன் ஹ்ராபாக், என் கையெழுத்து எவ்வளவு திமிராக இருக்கிறது பாருங்கள், தோற்கவே மாட்டேன் என்பது போல. வருஷா வருஷம் நடப்பதுதான். எங்கள் ஃபுட்பால் டீம், பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால், தொண்ணூறு பேரைக் கூட்டிவைத்து ஒரு மாதம் வெயிலில் ஓடவிட்டு, ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குள் ஐம்பத்து மூன்று பேரை வைத்துக்கொண்டு மிச்சப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடும். யார் அந்த ஐம்பத்து மூன்று என்று நாங்கள் முந்தின வெள்ளிக்கிழமையே எழுதிக் குத்திவிட வேண்டும், அப்புறம் தொடக்கூடாது. அதிகம் தப்பு விட்டவன் சீசனின் முதல் ஞாயிற்றுக்கிழமை எதிரி டீமின் சட்டையை மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் கிளாஸ் கழுவ வேண்டும். ஜெயித்தவனுக்கு அந்த ஜன்னலோர ஸ்டூல், டிவிக்கு நேர் எதிரே, சீசன் முழுக்க. சமமாக வந்தால் யாரிடம் இருக்கிறதோ அவனிடமே இருக்கும், அந்த விதியைப் போட்டவன் நான்தான். மூன்று வருஷமாக ஸ்டூல் என்னுடையது, இப்போதுகூட அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன், உட்காரும் இடம் சுடுகிறது. ஒரு ஸ்டூலுக்காகவா என்று கேட்டால்... வேறு எதற்காக? பள்ளிக்கூட டீமில் பதினோரு வருஷம் உதவிக் கோச், ஒருநாளும் தலைமைக் கோச் ஆகவில்லை, ஆனால் இந்த பாரில் என்னைக் கோச் என்கிறார்கள், ஏனென்றால் நான் சொன்னால் சரியாக இருக்கும். அதை விட்டால் என்னிடம் என்ன இருக்கிறது?

எழுதியது சமையலறை மேஜையில். பாலெட் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். பந்து எறிகிற குவார்ட்டர்பேக் மூன்று பேர், சரி, ஓட்டக்காரர்கள் நாலு பேர், சரி, லைன்பேக்கர் என்று வந்தது, ஓடி வருகிறவனை மறித்துச் சாய்க்கிறவர்கள். என் பையன் ட்ரெவர் விளையாடும் இடம். எவரும் தேர்ந்தெடுக்காத பையன், தானாகப் போய்க் கதவைத் தட்டி முகாமில் இடம் வாங்கினவன், எங்கள் ஊரிலிருந்து இதுவரை எவனும் அந்த மைதானத்தில் கால் வைத்ததில்லை. ஐந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், என் பிள்ளை ஆறாவது. ஆறாவதா ஏழாவதா என்றுகூட யோசித்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆட்டம் திடீரென்று மறுபக்கம் திரும்பினால் அவன் இடுப்பு திரும்ப அரை நொடி கூடுதலாகும், வேறு யார் கண்ணுக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், தெரிந்ததை எப்படித் தெரியாதது போல எழுதுவது... அதுதானே நேர்மை? நேர்மையாம். பென்சிலில் எழுதி அழித்திருந்தாலாவது, ஒரு அடித்தல் திருத்தல் இருந்தாலாவது, பாவம் மனுஷன் தடுமாறியிருக்கிறான் என்று சொல்ல ஒரு சாட்சி இருக்கும். பேனாவில் எழுதினேன், சுத்தமாக. ஐந்தாவதாக கேஸ்வெல் என்று எழுதினேன், எழுதும்போது சீட்டியடித்தேன்போல, பாலெட் திரும்பிப் பார்த்து, "என்ன இவ்வளவு குஷி?" என்றாள். அன்று ராத்திரி ட்ரெவர் போன் பண்ணினான், கால் வலி, சாப்பாடு பரவாயில்லை, அம்மா எங்கே, அப்புறம், "தாள் குத்தியாச்சாப்பா?" ஆச்சு என்றேன். அவ்வளவுதான். வருஷா வருஷம் யார் யாரைப் போட்டாய் என்று துருவித் துருவிக் கேட்கிற பயல், இந்த வருஷம் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அந்த நிம்மதியை சனிக்கிழமை மார்வ் கெடுத்தான். ஓய்வுபெற்ற தபால்காரன், ஊரில் ஒரு வீடு விடாமல் வாய் பார்த்தவன், எனக்கு அடுத்த இடத்தில் மூன்று வருஷமாக நின்று பல்லைக் கடிக்கிறவன். முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டு, "டேய் கோச், விஷயம் தெரியுமா, நாங்க எட்டுப் பேரும் உன் பையனப் போட்டிருக்கோம்டா! நான் ஸ்டூலு போனாப் போகுதுன்னு போட்டேன், சத்தியமா. உன் தாளக் கேக்கவே வேணாம்!" என்றான். கண் கலங்கியிருந்தது அவனுக்கு, குடித்திருந்தான்தான், இருந்தாலும். எட்டுப் பேர். லைன்பேக்கர் என்றால் என்னவென்றே தெரியாத கடைக்கோடி ஹாங்க் உள்பட. நான் அவனைக் கட்டிக்கொண்டேன், ஆனால் அதற்கும் முன்னால், ஒரு கண் சிமிட்டும் நேரம்... அப்படியானால் எட்டுப் பேருக்கும் ஒரு தப்பு நிச்சயம் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடியது. ஓடியது, நான் என்ன செய்ய, நானா ஓட்டினேன்? நான்தான் ஓட்டினேன்.

இப்போது நாலு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம். வெட்டப்பட்ட பையன்களின் பெயர் காலையிலிருந்து டிவியில் ஒவ்வொன்றாக வருகிறது, ட்ரெவர் பெயர் வரவில்லை, போன் எடுக்கவும் இல்லை. இந்த நாளில் அவனிடமிருந்து போன் வராதது நல்ல செய்தி. வரவர எல்லாருக்கும் முகம் மலர்கிறது, மார்வ் எல்லாருக்கும் பெர்ச் மீன் வறுவல் சொல்லிவிட்டான், பாலெட் கேக் எடுத்துக்கொண்டு நாலு மணிக்கு வருகிறாள், நீல ஐசிங்கில் அவன் நம்பர் ஐம்பத்தேழு. அவன் உள்ளே போய்விட்டால்? போகட்டும், கடவுளே, போகட்டும், நான் தப்பாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அப்போது மட்டும் என்ன, தாளைப் பிரிப்பார்களே, பெற்றவனுக்கு மட்டும் நம்பிக்கை இல்லை என்று ஊர் சிரிக்குமே, பாலெட் சிரிக்க மாட்டாளே... எழுந்தேன். டார்ட் விளையாடுகிற மாதிரி மூன்று அம்புகளை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனேன், இரண்டை எறிந்தேன், எறிந்ததைப் பிடுங்கப் போகிற சாக்கில் என் தாளின் முனையில் கையை வைத்தேன். "கோச்! கைய எடு!" டார்லா, கல்லாவுக்குப் பின்னாலிருந்து. பார் முழுக்கச் சிரிப்பு. "தோத்துடுவோம்னு பயம் வந்துடுச்சுடா இவனுக்கு!" என்று மார்வ் மேஜையைத் தட்டினான். நானும் சிரித்தேன். ஐம்பத்து நாலு வயசில், மிட்டாய் திருடி மாட்டிக்கொண்ட பயல் மாதிரி காது இரண்டும் எரிய, திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பின்கதவு திறந்தது. முதலில் பார்த்தது பையைத்தான், கறுப்புக் குப்பைப் பை, அதில் காலணியின் முள் குத்தி ஒரு ஓட்டை. லாக்கரைக் காலி பண்ணுகிறவனுக்கு அந்தப் பையைத்தான் கொடுப்பார்கள். அப்புறம்தான் ட்ரெவரின் முகம். டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. "என்ன எல்லாரும் எழவு வீடு மாதிரி?" என்றான், "மீன் வாசன வருது, எனக்கு இல்லையா?" மார்வ்தான் முதலில் போய்க் கட்டிப்பிடித்தான். "அந்த டீம் கோச்சுப் பயலுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுடா!" என்றான். "இல்ல மார்வ், நல்ல மனுஷன்தான். கைகுடுத்து அனுப்பினாரு." அப்புறம் என்னிடம் வந்தான், என் பிள்ளை, என்னைவிட ஒரு தலை உயரம், கண் வீங்கியிருந்தது, ஒன்றரை மணி நேரம் நெடுஞ்சாலையில் தனியாக அழுதுகொண்டே வந்திருக்க வேண்டும். "இடுப்புதான்ப்பா," என்றான் மெதுவாக, "திரும்ப லேட்டாகுதாம்." எனக்கு அது தெரியும் என்று அவனுக்குத் தெரியுமா? நான் அவன் தோளைப் பிடித்தேன். வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே ஏன் வந்தான் என்று அப்போது தோன்றவில்லை.

நாலு மணிக்குப் பட்டியல் திரையில் வந்தது. "இன்னிக்கு வேணாம்பா," என்றாள் டார்லா, "ஞாயித்துக்கிழம பாத்துக்கலாம்." பாவி, அவளை அப்படியே கும்பிடலாம் போல இருந்தது. ட்ரெவர்தான் விடவில்லை. "ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்? நானே வாசிக்கிறேன், அம்மா வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்," என்று சுவரிலிருந்து ஒன்பதையும் பிடுங்கினான். ஒவ்வொன்றாகப் பிரித்து, மைதான அறிவிப்பாளன் குரலில் வாசித்தான். "ஹாங்க்! லைன்பேக்கர் ஏழு பேர் போட்டிருக்க, என்ன, கல்யாணத்துக்கா ஆள் எடுக்கறாங்க? ஏழாவது ட்ரெவர் ஹ்ராபாக்... தப்பு!" சிரித்தார்கள், தப்பு என்று அவன் சொல்லச் சொல்ல எல்லாரும் கூடச் சேர்ந்து கத்தினார்கள், எட்டுத் தடவை அவன் பெயர், எட்டுத் தடவை தப்பு, அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டே வந்தது, அந்த எட்டுப் பேரும் அவனுக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மார்வுக்கு ஐம்பது சரி, எட்டுப் பேரில் அதுதான் அதிகம். ஒன்பதாவது தாள்.

பிரித்தான். குவார்ட்டர்பேக், ஓட்டக்காரர்கள், வாசித்துக்கொண்டே வந்தான், சரி, சரி, சரி. லைன்பேக்கர். கண் மட்டும் கீழே ஓடியது, நின்றது. எழுந்து வெளியே போய்விடலாம், லாரி ஏதாவது வந்தால் நல்லது, பூமி என்று ஒன்று எதற்கு இருக்கிறது... "ஓடொம்," என்றான். "பின்க்னி. ரூயிஸ். லாங்ஸ்டாஃப்." மூச்சு வாங்கினான். "ட்ரெவர் ஹ்ராபாக்." பார் மொத்தமும் தப்பு என்று கத்தியது. "நீயும் தப்புப்பா," என்றான் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, மிச்சத்தையும் வாசித்து முடித்து, "நாப்பத்தொம்போது! மார்வ், ஸ்டூல் உன்னுது!" என்று தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

நான் இறங்கினேன், மார்வ் ஏறினான், ஏறிக்கொண்டே என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் வைத்தான். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு பாலெட் வந்தாள், கேக்கைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், அழுதாள், அவன் சமாதானப்படுத்தினான். "ஒம்போது பேரும் என் பேரப் போட்டிருக்காங்கம்மா, ஒரு ஆள் விடாம," என்றான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து என் கையைப் பிடித்தாள். பிடித்த கையை நான் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? கேட்காமல் விட்டானே வெள்ளிக்கிழமை, அப்போதே தெரிந்திருக்கிறது, அதற்கும் முன்னாலேயே தெரிந்திருக்குமோ, எத்தனை வயசிலிருந்து... அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவன் தன் பெயரை வாசித்தபோது நான் வாயைத் திறந்தேன். அதை அவன் பார்த்தான். வேண்டாம்டா கண்ணா என்று சொல்லத் திறந்தேன் என்று நாளைக்கு நான் என்னிடமே சொல்லிக்கொள்ளப் பார்ப்பேன், ஆனால் நாக்கு நுனியில் வந்து நின்றது வேறு பெயர். கேஸ்வெல். கேஸ்வெல் என்றுதானே எழுதியிருந்தேன், அது சரியாயிற்றே, சேர்த்தால் ஐம்பது, ஐம்பதுக்கு ஐம்பது, சமம், சமமென்றால் ஸ்டூல்... ட்ரெவர் கேக்கில் ஐம்பத்தேழின் ஏழு இருந்த துண்டை வெட்டி ஒரு தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினான். "சாப்பிடுப்பா," என்றான், "அம்மா நல்லாப் பண்ணியிருக்கா." வாங்கிக்கொண்டேன்.