மதகருகே விட்டுவந்த ஆள்

வேனில் பதிமூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்பதை முதலில் கவனித்தவள் ஆரோக்கியசெல்வி. எல்லோரும் நனைந்து நடுங்கிக்கொண்டு, ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி இருக்கையின் ஜன்னலோரம் காலியாக இருந்தது. வரும்போது அங்கே உட்கார்ந்திருந்தவர் பஞ்சநாதன். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து நான்கு. குழுவிலேயே மூத்தவர் அவர்தான்.

“பஞ்சநாதன் சார் எங்க?” என்று கேட்டாள்.

எல்லோரும் திரும்பி அந்தக் காலி இருக்கையைப் பார்த்தார்கள்.

அது புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு நடைக்குழு. மாதத்தில் ஒரு ஞாயிறு காடு, ஏரி, கடற்கரை என்று எங்காவது நடப்பார்கள். நடத்துபவர் சக்கரபாணி. சொந்தமாக ஜிம் வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் செல்விக்கு வாரமெல்லாம் நான்கு சுவருக்குள் வேலை என்பதால் இரண்டு வருடங்களுக்கு முன் அதில் சேர்ந்திருந்தாள்.

அந்த மே மாத நடை, அனுமந்தையில் தொடங்கி உப்பளங்களின் வரப்பு வழியாகக் கழிமுகம் வரை போய், அதே வழியில் திரும்புவதாக இருந்தது. சனிக்கிழமை மாலையே வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. இடி மின்னலோடு கனமழை வரும் என்று சொல்லியிருந்தார்கள். செல்வி அந்தச் செய்தியைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டு, அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். மழைக்குப் பயப்படுபவர்கள் வீட்டில் டிவி பார்க்கலாம் என்று சக்கரபாணி பதில் போட்டார். கீழே பத்துப் பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். செல்விக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள். பிறகு பல நாள் அவள் தன்மீதே கோபப்பட்டது இதற்காகத்தான்.

காலை ஏழு மணிக்கே வானம் கறுத்துக் கிடந்தது. உப்பளத்தில் ஆட்கள் ஓட்டமாக ஓடி, வாரிக் குவித்த உப்பின்மேல் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் இவர்களை நிறுத்தி, மழை வந்தால் இந்த வெட்டவெளியில் இத்தனை பேர் ஒதுங்க இடமில்லை, திரும்பிப் போய்விடுங்கள் என்றாள். சக்கரபாணி சிரித்துக்கொண்டே அவளைப் போட்டோ எடுத்துவிட்டு மேலே நடந்தார்.

செல்வி முன்வரிசையில் நடந்ததால் பின்னால் நடந்தது அவளுக்குத் தெரியவில்லை. இப்போது வேனில், பஞ்சநாதனுக்கு முன்னால் நடந்துவந்த நிவேதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். பாதி வழியில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு வரப்புகள் சேரும் இடத்தில் ஒரு மதகு. அதன் திண்டில் அவரை உட்காரச் சொன்னார் சக்கரபாணி. இதே வழியாகத்தான் திரும்புவோம், வந்து கூட்டிக்கொண்டு போகிறோம், எங்கேயும் நகராதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் கழிமுகத்தை அடைவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மின்னல் தலைக்குமேல் வெட்டியது. குழு அதே வழியில் திரும்பவில்லை. குறுக்கே விழுந்தடித்து ஈசிஆர் சாலைக்கு ஏறி, வேனை அங்கே வரச் சொன்னது. மதகருகே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. நிவேதாவுக்கு மட்டும் நினைவு வந்ததாம். சக்கரபாணி சார் ஏற்பாடு செய்திருப்பார் என்று இருந்துவிட்டாளாம்.

செல்வி பஞ்சநாதனுக்குப் போன் போட்டாள். அணைக்கப்பட்டிருப்பதாக வந்தது.

“அவரு ரோட்டுக்கு ஏறி பஸ் புடிச்சிப் போயிருப்பாரு” என்றார் சக்கரபாணி. “சின்னக் கொழந்தையா அவரு?”

“போறேன்னு சொன்னாரா உங்ககிட்ட?”

“சொல்லல. ஆனா அந்த மழையில யாராவது அங்கயே உக்காந்திருப்பாங்களா?”

“நீங்கதான சார் உக்காரச் சொன்னீங்க.”

எல்லோரும் நனைந்திருக்கிறார்கள், ஓட்டலில் சாப்பாடு சொல்லியாகிவிட்டது, போய்ச் சேர்ந்ததும் அவருடைய வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றார் சக்கரபாணி. மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். இரண்டு வருடம் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தவர்கள் அவர்கள். செல்வி எழுந்து நின்றாள். வண்டியை நிறுத்தச் சொன்னாள். வரப்பு வழி சாலையில் வந்து சேரும் இடத்தில் டிரைவர் மணிவண்ணன் நிறுத்தினான். அவள் மட்டும் இறங்கினாள். பொறுப்பில்லாமல் நடந்துகொள்வதாகச் சக்கரபாணி அவளைத்தான் சொன்னார். வேன் கிளம்பிப் போய்விட்டது.

வரப்பு சேறாகிவிட்டிருந்தது. இருபுறமும் பாத்திகள் நிரம்பி, எது வரப்பு எது தண்ணீர் என்று தெரியவில்லை. ஒவ்வொரு மின்னலுக்கும் குந்தி உட்கார்ந்து, எழுந்து, மறுபடி நடந்தாள். அந்த வரப்பில் அவளைவிட உயரமாக எதுவுமே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. மதகை அடைந்தபோது அங்கே யாரும் இல்லை. திண்டின்மேல் அவருடைய ஊன்றுகோல் மட்டும் கிடந்தது. கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. செல்வி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யம்மா, இங்க வா. அவரு இங்க இருக்காரு.”

சற்றுத் தள்ளி, சாமான் போடும் கீற்றுக்கொட்டகையிலிருந்து குரல் வந்தது. காலையில் எச்சரித்த அதே பெண். பெயர் லூர்துமேரி. உள்ளே பஞ்சநாதன் யாருடைய லுங்கியையோ கட்டிக்கொண்டு, கோணியைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. செல்வியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, எல்லோரும் பத்திரமா என்பதுதான்.

லூர்துமேரி அடக்கமாட்டாமல் பேசினாள். மழை தொடங்கியதும் அவரை மூன்று தடவை கூப்பிட்டாளாம். அவர் வர மறுத்துவிட்டாராம். தன்னைக் கூட்டிப்போக ஆள் வரும், இடம் மாறினால் மழையில் தேடி அலைவார்கள் என்று அதையே சொன்னாராம். இரண்டு மணி நேரம் அப்படியே நனைந்தாராம். கால்வாய்க்கு அந்தப்பக்கம் ஒரு பனைமரத்தில் இடி விழுந்தபோதுதான், இவளும், கூட வேலை செய்யும் பாவாடை என்ற ஆளும் தார்ப்பாயைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி, ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கிவந்தார்கள். மூடாமல் விட்ட உப்பு அம்பாரம் வெளியே கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

“மறந்துட்டாங்களா?” என்றாள் லூர்துமேரி. “பதினாலு பேரு போனா, திரும்பறப்ப பதினாலு பேரான்னு எண்ண மாட்டீங்களாம்மா? படிச்சவங்கதான நீங்கல்லாம்? நாங்க தெனம் வூட்டுக்குப் போறப்ப தலைய எண்ணிட்டுத்தான் ஏரியாவ வுட்டே கெளம்பறோம்.”

‘நீங்கல்லாம்’ என்ற அந்தச் சொல் செல்வியைச் சுட்டது. நான் அவர்களைப் போல இல்லை என்று சொல்ல வந்தாள். சொல்லவில்லை. அந்த உப்புக்கு என்ன செய்வது என்று கேட்டாள். மொதல்ல அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ என்றாள் லூர்துமேரி.

மழை கொஞ்சம் விட்டதும் பாவாடையும் செல்வியும் பஞ்சநாதனைத் தாங்கிச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே மணிவண்ணன் வேனோடு நின்றிருந்தான். மற்றவர்களை ஓட்டலில் இறக்கிவிட்டு, யாரிடமும் கேட்காமல் திரும்பி வந்திருக்கிறான். ஹீட்டரைப் போட்டு ஓட்டினான்.

அன்று மாலை, பஞ்சநாதன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது, குழுவின் முகநூல் பக்கத்தில் சக்கரபாணியின் பதிவு வந்தது. கொட்டும் மழையிலும் பதினான்கு பேரும் வெற்றிகரமாக நடையை முடித்ததாக எழுதியிருந்தார். காலையில் எடுத்த படம் ஒன்று. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பஞ்சநாதனும் அதில் இருந்தார். அடுத்த படம் லூர்துமேரி. உப்பள மக்களின் அன்பான வழியனுப்பு என்று அதன் கீழே இருந்தது. செல்வி நடந்ததை அப்படியே நான்கு வரியில் எழுதிப் போட்டாள். பத்து நிமிடத்தில் அது அழிக்கப்பட்டது. மறுபடி போட்டாள். அவளையே குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, பெரிய முதலியார்சாவடியில் சக்கரபாணியின் ஜிம் மாடியில் குழு கூடியது. அழைக்காமலேயே செல்வி போனாள். பஞ்சநாதனும் முழங்காலில் கட்டோடு வந்தார். வேண்டாம், பெரிதுபடுத்தாதே என்று அவர் வாரமெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவே அவளுக்குக் கூடுதல் கோபம். அவள் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்ததும், சக்கரபாணி ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். நடையில் என்ன நேர்ந்தாலும் தானே பொறுப்பு என்று பஞ்சநாதன் கையெழுத்துப் போட்ட படிவம்.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் பஞ்சநாதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“முப்பத்தஞ்சு வருஷம் கம்பத்து மேல ஆள ஏத்தியிருக்கேன்” என்றார். “கீழ நிக்கிறவன் லைன் ஆஃபுன்னு சொன்னா, மேல இருக்கிறவன் கம்பியத் தொடுவான். அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் தொடுவான். நீங்க இருங்கன்னு சொன்னீங்க. நான் இருந்தேன். மறந்துட்டேன்னு மட்டும் சொல்லிடுங்க, போதும்.”

சக்கரபாணி முகம் சிவந்தார். தகவல் பரிமாற்றத்தில் ஒரு சின்னக் குழப்பம் நேர்ந்துவிட்டது என்றார். இயற்கை யார் கையிலும் இல்லை என்றார். பஞ்சநாதன் காத்திருந்தார். அந்தச் சொல் வரவில்லை. அவர் மெதுவாகப் படியிறங்கினார். செல்வியும், அவளுக்குப் பின்னால் அழுதுகொண்டே நிவேதாவும் இறங்கினார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். அடுத்த மாத நடைக்கு இடங்கள் இரண்டே நாளில் நிரம்பிவிட்டதாகப் பிறகு செல்வி கேள்விப்பட்டாள்.

மூவரும் ஒரு நாள் லூர்துமேரியைப் பார்க்கப் போனார்கள். பாத்திகளைச் சேறு போக மிதித்துப் புதிதாகத் தயார் செய்துகொண்டிருந்தாள். நிவேதா ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கி, மதியம்வரை கூட மிதித்தாள். லூர்துமேரி தடுக்கவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை.

ஜூலையில் ஒரு நாள், வேலை நேரத்தில், வினோதினி என்று ஒரு பெண் செல்விக்குப் போன் செய்தாள். நடைக்குழுவில் சேரப்போவதாகவும், பழைய படங்களில் செல்வியின் பெயரைப் பார்த்ததாகவும் சொன்னாள். குழு எப்படி, பாதுகாப்பாக இருக்குமா என்று கேட்டாள்.

செல்வி கையுறையைக் கழற்றிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

“ஒரு இருபது நிமிஷம் இருக்குதா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு, சனிக்கிழமை வந்த எச்சரிக்கையிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.