நுரை காய்வதற்குள்

யாரோ வரிசையாகத் துப்பிக்கொண்டே நடந்துபோனதுபோல் திராட்சைத் தோட்டத்துக் களைகள் முழுக்க நுரை. என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "பூச்சி எச்சில் துப்பி வச்சிருக்கு பாரேன்" என்றார். எச்சிலாம்! அந்தக் குஞ்சுப் பூச்சி தண்டில் தலைகீழாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, பின்பக்கமாக அல்லவா நுரை விடுகிறது! உள்ளே ஒளிந்துகொண்டால் வெயிலும் சுடாது, குருவியும் கொத்தாது.

நாக்கு ருசியும் அதற்கு உண்டு. முரட்டுப் புல்லை ஏறெடுத்தும் பார்க்காது. கிள்ளினால் பால் வடிகிற இளம் களை என்றால் ஒரே தண்டில் அடுக்கடுக்காக வீடு கட்டும்.

"நுரைக்குள்ள இருக்கிற வரைக்கும் அதுக்கு இறக்கை கிடையாது. அதுக்குள்ள களையை அழிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் விவசாய அதிகாரி. இறக்கை முளைத்துவிட்டால் திராட்சைக் கொடியில் ஏறும். இலை கருகும் நோய் வந்த கொடியில் குடித்த வாயை நல்ல கொடியில் வைக்கும். அதோடு அந்தக் கொடியும் தொலைந்தது. மருந்தே கிடையாது.

அப்படிப்பட்ட நோய்க் கொடிகள் வெகு தூரத்தில் இல்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், என் அக்காவின் தோட்டத்து மூலையில் இருந்தன. அங்கே இலைகள் ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வந்தன. வெட்டச் சொல்லி அவளிடமும் அதிகாரி சொல்லியிருந்தார். "காய் பிடிச்சிருக்குடி. பறிச்சுட்டு நானே வெட்டிடறேன்" என்றாள். அத்தான் போனபிறகு அவளுக்கு இருப்பது அந்தத் தோட்டம் ஒன்றுதான். நான் என் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டேன்.

நானும் வீட்டுக்காரரும் முதுகு நிமிராமல் களை பிடுங்கினோம், குவித்து எரித்தோம். பாதித் தோட்டம் முடிவதற்குள் அனல் காற்று அடிக்க ஆரம்பித்தது. பிறகு பார்த்தால் மீதிப் பாதியில் நுரையே இல்லை. தண்டுகளில் வெள்ளைத் தடம் மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எல்லாம் செத்துத் தொலைஞ்சுது!" என்று குதித்தார் வீட்டுக்காரர். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே இல்லை. கையோடு களை வெட்டும் இயந்திரத்தை ஓட்டி, மிச்சமிருந்ததை மொட்டையடித்தார்.

நான் ஒரு தண்டை எடுத்துப் பார்த்தேன். காய்ந்த நுரைக்குள் வெறும் தோல்தான் இருந்தது. முதுகுப் பக்கம் பிளந்திருந்தது. பூச்சி சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது.

"நிறுத்துங்க! சாகலைங்க, இறக்கை முளைச்சிடுச்சு!"

இயந்திரம் நின்றது. உட்கார இடமில்லாத பழுப்புப் பூச்சிகள் காலடியிலிருந்து தெறித்துத் தெறித்துக் கொடிகளில் ஏறிக்கொண்டிருந்தன. அவர் துண்டால் அடித்தார், கையால் பிடித்தார், கொடிகளைப் பிடித்து உலுக்கினார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானே ஏத்தி விட்டுட்டேனே" என்று அழுதார்.

சில பூச்சிகள் வேலியைத் தாண்டின. போனால் போகட்டும், அங்கே நோயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருமே! இனி அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. அந்த நோயை அவை குடிக்காமல் வேண்டுமானால் தடுக்கலாம். நான் கை ரம்பத்தை எடுத்துக்கொண்டு வேலியோரம் ஓடினேன். நடந்ததையெல்லாம் பார்த்தபடி அக்கா அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"அக்கா, மூலைக் கொடியெல்லாம் இப்பவே வெட்டணும்."

"இன்னும் கொஞ்ச நாள்ல பழுத்துடும்டி. அதை நம்பித்தான் இருக்கேன்."

"அதுக்குள்ள என் தோட்டமே போயிடும்க்கா. உன்னோடதும்தான்."

"உன் புருஷன் பண்ணின கூத்துக்கு என் வயித்துல அடிப்பியா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. வேலிக் கம்பியை விலக்கி உள்ளே நுழைந்தேன். முதல் கொடியின் அடித்தண்டில் ரம்பத்தை வைத்து அறுத்தேன். பச்சைக் குலைகளோடு கொடி கம்பியிலேயே தொங்கியது. அக்கா ஓடிவந்து என் முதுகில் அடித்தாள். சின்ன வயதில்கூட என்மேல் கை வைக்காதவள். அடித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதுகொண்டே அடுத்த கொடிக்குப் போனேன்.