கோடு அறுந்த மழைக்காலம்

1

இந்தக் கதையை எழுதியே தீருவது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டெல்லாம் உட்காரவில்லை. பைதான் என்கிற கணினி மொழியில் வரைபடம் போடக் கற்றுக்கொள்ளத்தான் உட்கார்ந்தேன். காகிதத்தில் சும்மா கிடக்கிற வரைபடம் இல்லை, தொட்டால் பேசுகிற வரைபடம். புள்ளியின்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் ஒரு குட்டிப் பெட்டி திறந்து, என்றைக்கு எடுத்த அளவு, எவ்வளவு என்று சொல்லும். கீழே உள்ள பட்டையை இழுத்தால் வருடங்கள் முன்னும் பின்னும் நகரும். இந்த வயதில் இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். எதற்கோ!

பயிற்சிக்காக, தினமும் நான் எத்தனை பக்கம் எழுதினேன் என்ற கணக்கைக் கொடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு வரிகூட எழுதாமல் சுருண்டு கிடந்த மாதங்கள் உண்டு. அந்த மாதங்களின்மேல் வரைபடம் கொஞ்சமும் கூசாமல் ஒரு நேர்க்கோட்டை இழுத்து, நான் விடாமல் எழுதிக்கொண்டே இருந்ததாகச் சாதித்தது. முதலில் சிரித்தேன். அப்புறம் என்னவோ போல் ஆகிவிட்டது. அந்த ‘என்னவோ போல்’தான் இந்தக் கதை.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. நீங்களே பாருங்கள்:

‘ஏரி அன்று அமைதியாக இருந்தது.’ (கதையில் வருகிற எந்த ஏரி அமைதியாக இல்லை? அடித்துவிட்டேன்.)

‘நெட்டையும் குட்டையும் ஏறியதும் படகு ஒரு பக்கமாக’ (பாதியில் விட்டேன். இந்த மாதிரி நகைச்சுவை எனக்குக் கைவராது.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். குடிநீர் ஏரி ஒன்றின் கரையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். அதில் இரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். ஒருத்தியை நெட்டை என்பார்கள், இன்னொருத்தியைக் குட்டை என்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை படகில் நடு ஏரிக்குப் போய்த் தண்ணீரின் வெப்பத்தை அளப்பது அவர்கள் வேலை. நெட்டை துடுப்பு போடுவாள். குட்டை கயிற்றில் வெப்பமானியை இறக்குவாள். தனியாளாகச் செய்ய முடியாத வேலை. கயிறு இறங்குகிற நேரமெல்லாம் பேச்சுதான். மாமியாரில் தொடங்கி மேலதிகாரியின் புது மீசை வரைக்கும் வந்துவிடும். வெப்பமானி மேலே வந்த பிறகும் அதைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்து, அளவு மாறிப்போய், மறுபடியும் இறக்குவார்கள். மறுபடியும் பேச்சு.

அதெல்லாம் அந்தக் காலம். நெட்டை மாற்றலாகிப் போய் வெகுநாள் ஆகிவிட்டது. ஏரியில் இப்போது ஒரு கருவி மிதக்கிறது. அதுவே அளந்து அதுவே அனுப்பிவிடுகிறது. படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. ஆய்வுக்கூடத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடப் போகிறார்கள், அன்றைக்குப் பழைய அளவுகளை ஒரு தொடுதிரையில் வைக்கவேண்டும் என்று பேச்சு வந்தபோது, “நானே போட்டுத் தரேன்” என்று குட்டை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். நெட்டைக்கும் அழைப்பு போயிற்று. வருகிறேன் என்று பதிலும் வந்தது. பதில் அலுவலகத்துக்குத்தான் வந்தது, குட்டைக்கு வரவில்லை.

3

குட்டைக்கு முதலில் ஒரு கணவரை வைத்திருந்தேன்.* மனிதர் மூன்று பத்திகள் டீ குடித்துக்கொண்டே இருந்தார். வேலைக்கு ஆகாது என்று அனுப்பிவிட்டேன். அவருடைய தங்கை மட்டும் போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள். மருத்துவமனையில் புள்ளிவிவரம் பார்க்கிற நாத்தனார். குட்டைக்குக் கணினியில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுப்பது அவள்தான்.

“அண்ணி, அங்க ஒரு அடைப்புக்குறிய மூடாம விட்டுட்டீங்க.”

“அதுக்காகவா இப்படிச் செவப்பு செவப்பா திட்டுது?”

“எங்கம்மாவே தேவலன்னு தோணுதா?”

“உங்கம்மாவாவது புரியற மாதிரி திட்டுவாங்கடீ.”

திட்டு வாங்கி வாங்கி, ஒருவழியாகக் கோடு திரையில் ஏறியது. வெயில் காலத்தில் மேலே போய், மழைக்காலத்தில் இறங்கி, மறுபடி மேலே. குட்டை ஒரு புள்ளியில் சுட்டியை வைத்தாள். பெட்டி திறந்தது. தேதி, வெப்பம். அன்றைக்குத்தான் நெட்டையின் செருப்பு ஏரியில் விழுந்தது. துடுப்பால் அதைத் துரத்தித் துரத்தி, சிரித்துச் சிரித்து, கடைசியில் வெப்பமானியும் போகப் பார்த்தது. பெட்டியில் அதெல்லாம் இல்லை. குட்டைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள்.

பட்டையை இழுத்துக்கொண்டே போனவளை நாத்தனார் நிறுத்தினாள்.

“இது என்ன அண்ணி, ஒரு மழைக்காலம் முழுக்க ரூல் தடி வச்ச மாதிரி நேரா போகுது?”

“அப்போ அளக்கல. படகுல ஓட்டை.”

“ஒரு ஓட்டைய அடைக்க ஒரு மழைக்காலமா?”

குட்டை பட்டையை வேறு வருடத்துக்கு இழுத்தாள். நாத்தனார்கள் அப்படி விட்டுவிடுகிற ஜாதி இல்லை. கடைசியில் சொல்லவேண்டியதாயிற்று. நெட்டை குட்டையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றலுக்கு மனு போட்டிருந்தாள். தட்டச்சு செய்கிறவர் வாயிலிருந்து அது குட்டையின் காதுக்கு வந்தது. “போறவ போகட்டும்” என்றாள் குட்டை, நெட்டைக்குக் கேட்கும்படியாக. “கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றாள் நெட்டை, சுவரைப் பார்த்து. அதற்குப் பிறகு அவள் முதலில் வந்தால் நானும் படகில் ஏறுகிறேன் என்று இருவருமே காத்திருந்தார்கள். யார் கேட்டாலும் படகில் ஓட்டை என்பதை மட்டும் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

* அவர் பெயருக்காவது ஒரு வேலை கொடுத்திருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் நினைக்கிறார். அவரும் டீ குடித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்.

4

அந்த மழைக்காலம் முழுவதும் நெட்டை

5

நான்காம் பகுதியை எழுதிப் பார்க்காமல் இல்லை. எழுதினால் இருவரில் யாராவது ஒருத்தி பக்கம் சாய்ந்துவிடுகிறேன். பகுதி எண்ணையும் பாதி வரியையும் மட்டும் வைத்துவிட்டேன். இந்த யோசனையை எனக்குக் கொடுத்ததே நாத்தனார்தான்.

“இது பொய்க்கோடு அண்ணி. அளக்காத வாரமெல்லாம் ஃபைல்ல வரியாவே இல்ல. அதனால அது பாட்டுக்கு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் முடிச்சு போட்டுடுச்சு. அந்தத் தேதிங்கள எழுதி, பக்கத்துல காலியா விடுங்க. அப்பதான் கோடு அறும்.”

“அறணுமா? இப்படியே அழகாத்தானே இருக்கு?”

“பாக்கறவங்களுக்கு அழகுதான்.”

அந்த வருடம் மழை விட்ட பிறகு இருவரும் ஒருநாள் பேசாமல் கொள்ளாமல் படகில் ஏறினார்கள். அளவெடுத்தார்கள். சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஆனால் அந்த மழைக்காலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. மாற்றல் வந்தது, நெட்டை போய்விட்டாள். கோட்டை அறுத்துவைத்தால், ஊர் பார்க்கப் பழசைக் கிளறிவிட்டாளே என்று அவள் வந்த காலோடு திரும்பிவிடுவாள். அறுக்காமல் விட்டால், இன்னும் அதே ஓட்டைப் படகுக் கதைதான் என்று உள்ளுக்குள் சிரித்துவிட்டுப் போவாள். எப்படிப் பார்த்தாலும் போய்விடுவாள். அதுதான் குட்டையின் பயம்.

தேதிகளை ஒவ்வொன்றாக எழுதினாள். பக்கத்தில் காலி. கோடு அறுந்தது. திரையில் வெறும் வெள்ளை.

“இந்த எடத்துல தொட்டா எதுவும் வராதா?”

“புள்ளி இல்லாத எடத்துல என்ன வரும்? வேணும்னா கண்ணுக்குத் தெரியாத புள்ளி ஒண்ணு வச்சு, அதுல எதையாவது எழுதலாம்.”

“நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ.”

6

முடிவு. இரண்டு வைத்திருந்தேன்.

ஒன்று: நெட்டை வரவில்லை. (எழுதி முடித்ததும் எனக்கே கோபம் வந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு அடைப்புக்குறி மூடக் கற்றவளுக்கு இதுவா?)

இரண்டு: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (இருவருக்கும் உயரம் ஒத்துவரவில்லை.)

அதனால் நடந்ததைச் சொல்கிறேன். பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட அன்றைக்கு நெட்டை வந்தாள். தலை நரைத்திருந்தது. நிலைப்படியில் இன்னும் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. குட்டைக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். திரைக்கு முன்னால் நின்று விரலால் வருடங்களை நகர்த்தினாள். ஒரு புள்ளியில் நின்றாள்.

“இது என் செருப்பு தண்ணியில போன வாரம்தானே?”

“ம்.”

விரல் மறுபடி நகர்ந்தது. வெள்ளைக்கு வந்தது. பெட்டி திறந்தது. நெட்டை படித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழந்து கனைத்தார்கள். அவள் இன்னொரு தடவை படித்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்:

“படகு இருக்கா, இல்ல தூக்கிப் போட்டுட்டாங்களா?”

“இருக்கு. கவுந்து கெடக்கு.”

“வா, நிமித்தலாம். துடுப்பு நீ போடு. எனக்கு முட்டி போயிடுச்சு.”

பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. நாத்தனாரோடு சேர்த்து என்னையும்தான் குட்டை திரும்பிக்கொள்ளச் சொன்னாள். ‘மன்னிச்சுடு’ என்று எழுதிப் பார்த்தேன். நெட்டை தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விட்டாள். ‘ஓட்டை எதுவும் இல்லை’ என்று எழுதிப் பார்த்தேன். ‘அது எனக்குத் தெரியாதா?’ என்று எரிந்து விழுந்தாள்.

உங்களுக்கும் படகில் ஏறாத ஒரு மழைக்காலம் இருந்திருக்கும். கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. அதைப் படிக்கிறவள், படகு இருக்கா என்றுதான் கேட்கவேண்டும்.

[                                        ]