இரண்டாவது நடனத்தை நான் வெட்டவில்லை

1.

இந்தக் கதை என் தவறிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சம் சுலபமாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

நான் யோகேஸ்வரி. மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வீடு வீடாகப் போய் நடைப்பயிற்சி கொடுக்கிறேன். அதில் ஒரு வீடு வேலப்பனுடையது. தோட்டத்து லோரி ஓட்டியவர். நடுக்குவாதம். நன்றாக நடந்து வருவார். வாசற்படி வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

(‘பனியில் உறைந்த லோரியைப் போல’ என்று எழுதி அடித்துவிட்டேன். இங்கே லோரி உறையாது.)

2.

தாளம் கேட்டால் அந்தக் கால் நகரும். சினிமாப் பாட்டுகள் நடுவில் வேகம் மாறியதால் ஒத்துவரவில்லை. கடைசியில் நானூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பிய நடன இசை ஒன்று கிடைத்தது. முதலில் பவான்: இரண்டிரண்டாக எண்ணும் தாளம். ஓர் அடி, கால் சேர்ப்பு, மறுபடி ஓர் அடி. அவசரமே இல்லை. அடுத்தது காலியார்ட்: அதே மெட்டு மூன்று மூன்றாக மாறி, நாலு சின்ன உதை, ஒரு குதி என்று துள்ளும். இரண்டையும் சேர்த்தேதான் ஆடுவார்களாம்.

“சாமி ஊர்வலம் மாதிரி இருக்கு மிஸ்ஸி,” என்றார் வேலப்பன். (தாதியோ பயிற்சியாளரோ, இங்கே எல்லாரும் மிஸ்ஸிதான்.) பவானுக்கு ஒரே வாரத்தில் படி தாண்டினார். அவரைப் பார்த்துக்கொள்ள லீவில் இருந்த மனைவி சாரதா கொழுந்து பறிக்கத் திரும்பினார்.

பாட்டை அவர்கள் போனுக்கு முழுசாக அனுப்பினேன். இரண்டாவதை வெட்ட ஐந்து நிமிஷம் ஆகும். அன்று இன்னும் நாலு வீடு பாக்கி, நான்—

3.

செவ்வாய்க்கிழமை வேலப்பன் தனியாக நடந்தார். பவான் முடிந்து காலியார்ட் தொடங்கியது. விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

(வேறு வடிவம்: நான் அன்றே வெட்டி அனுப்புகிறேன். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் ரொம்ப நல்லவளாக இருக்கிறேன்.)

4.

ஆஸ்பத்திரியில் சாரதாவிடம் ஒப்புக்கொண்டேன்.

“ரெண்டாவது பாட்டு வரும்னு எனக்கும் தெரியும் மிஸ்ஸி. நிறுத்துறது எப்படின்னு அவருக்குக் காட்டணும்னு நெனச்சேன். டயர்டா இருந்துச்சு லா.”

கட்டிலிலிருந்து வேலப்பன் சொன்னார்: “நான் விழல. குதிச்சேன்.”

“பொய் சொல்லாதீங்க,” என்றார் சாரதா.

“நாலு தடவ காலு தானா தூக்குச்சு. அப்புறம் குதிச்சேன். எறங்குனதுதான் சரியில்ல.”

5.

அவர் சொன்னது உண்மை என்று எழுதினால் என் தவறு பாதியாகிறது. பொய் என்று எழுதினால் அவருடைய குதி போய்விடுகிறது. இரண்டையும் எழுத எனக்குத் தெம்பில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை வேலப்பன் வீட்டுக்கு வருகிறார். எலும்பு கூடியதும் முதலிலிருந்து நடை. அவர்கள் போன் என் கையில் இருக்கிறது. சாரதா வெட்டிவிடச் சொல்கிறார். வேலப்பன் வேண்டாம் என்கிறார்.

நீங்கள் சொல்லுங்கள். நான் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன்.