செவுளில் இருந்த பால்

அந்த மனுவை எழுதியவன் நான்தான். 1944 மாசி மாதம், எங்கள் ஏரியில் கெண்டைகள் செத்து மிதந்த மூன்றாம் நாள், மிராசுதார் வேணுகோபால் சொல்லச் சொல்லத் தாசில்தாருக்கு எழுதினேன். செத்த மீன்களின் செவுளில் நொய்யளவு வெள்ளை மணிகள் இருந்தன. நசுக்கினால் பால் வந்தது. ஏரிக்கரையில் வேலிக்காகத் திருகுகள்ளி வெட்டியவள் பாப்பாயி. கள்ளிப்பாலைக் கலந்து மீனைக் கொன்றவள் அவளே என்று மனுவில் எழுதியாயிற்று. வெள்ளிக்கிழமை அவள் குடிசையைப் பிரித்து ஊரை விட்டு அனுப்புவது என்றும் சொல்லிவிட்டார்கள்.

புதன்கிழமை காலை பாப்பாயி தலையில் பானையோடு என் வாசலில் நின்றாள். பானைக்குள் இரண்டு கெண்டைகள், உயிரோடு. மடியில் ஒரு கள்ளிக் குச்சி.

“எழுத்தய்யா, கெளம்புங்க. அரியலூர் பள்ளிக்கூடத்துல பெருசாக் காட்டுற கண்ணாடி இருக்காமே. நான் தனியாப் போனா வாசல்லயே வெரட்டிடுவாங்க.”

“மிராசுதாருக்குத் தெரிஞ்சா என் கதி?”

“மனு எழுதுன கை தேயல. நடந்தா காலு மட்டும் தேஞ்சுடுமா?”

ஐந்து மைல் நடந்தோம். வழியில் வாய்க்கால் தண்ணீரை மாற்றி ஊற்றலாமா என்றேன்.

“வேணாங்க. ஏரித் தண்ணியாவே இருக்கட்டும். அப்புறம் வாய்க்காலு மேல பழி போடுவாங்க.”

சயன்ஸ் வாத்தியார் செல்லக்கண்ணு பானையை எட்டிப் பார்த்தார். “என்னம்மா, கொழம்பு வைக்கவா கொண்டாந்தே?”

“மொதல்ல பாத்துச் சொல்லுங்க சார். கொழம்பு அப்புறம்.”

அவர் ஒரு கெண்டையின் செவுளைத் தூக்கி, அதிலிருந்த வெள்ளை மணி ஒன்றை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். அந்தத் துளிப் பாலுக்குள் பூசணி விதை வடிவத்தில் எண்ண முடியாத உருவங்கள். ஒவ்வொன்றின் முனையிலும் இரண்டு புள்ளிகள்.

“ஒட்டுண்ணி. மீன் சதைக்குள்ளயே வளந்திருக்கு,” என்றார்.

பாப்பாயி மடியிலிருந்த கள்ளியை ஒடித்து நீட்டினாள். “இதையும் பாத்துடுங்க.”

கள்ளிப்பாலில் அந்த விதைகள் ஒன்றுகூட இல்லை. வாத்தியார் இரண்டையும் குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை, கடப்பாரையோடு இரண்டு ஆட்கள் குடிசை முன்னால் நின்றார்கள். மிராசுதார் வாத்தியாரின் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தார்.

“வாத்தியார் பாத்தா ஆச்சா? தாசில்தார்கிட்ட மனு இருக்குல்ல?”

“அது தப்புன்னு எழுதி, வாத்தியார் கடிதாசிக்கு நகலும் வச்சு, நேத்தே ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பிட்டேங்க. எம் பேர்லயே.”

அவர் என்னை முறைத்தார். அப்புறம் ஆட்களைப் பார்த்து, “போங்கடா,” என்றார்.

அவர்கள் போகும்வரை பாப்பாயி வாசலை விட்டு நகரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“எழுத்தய்யா, பானைய வாத்தியார்கிட்டயே விட்டுட்டு வந்துட்டோமே. நாளைக்குப் போவலாமா? காலு தேயலதான?”