ஏழாவது வரிசையில் என் இடம்

"சனிக்கிழமை தம்பி ஆட்டத்துக்குப் போகாம, என் பட்டமளிப்புக்கு வாங்கப்பா."

கேட்டே விட்டேன். இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா ஒரு வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அப்பா சூப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவன் தோக்காம வந்துட்டிருக்கான். இப்பப் போய் நாம உக்கார்ற இடத்தை மாத்துறதா? நீயும்தான் வரணும். உன் இடம் காலியாக் கெடந்தா என்னாகுறது?"

"அப்ப என் பட்டமளிப்புக்கு நானே போகக் கூடாதா?"

"அது சாயங்காலம்தானே? ஆட்டம் முடிஞ்சதும் ஓடு."

ஹுடாக் குடும்பத்தில் எல்லோரும் எஃகு ஆலைக்குப் போனவர்கள். கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தம்பி மிலான் பள்ளியைப் பாதியில் விட்டவன். சின்ன லீக்தான், ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் பந்து வீசுகிறான். அவன் தோளுக்கு அம்மா தைலம் தேய்ப்பாள். என் பரீட்சைக்காக எங்கள் வீட்டில் யாரும் ரேடியோ சத்தத்தைக் குறைத்ததில்லை. அவன் முதலில் ஜெயித்த அன்று போட்டிருந்த சட்டையை அப்பா இன்றுவரை துவைக்க விடவில்லை. அன்று உட்கார்ந்த அதே ஏழாவது வரிசை, அதே இடங்கள். அவன் அதிர்ஷ்டத்துக்கு நானும் ஒரு நாற்காலி.

சனிக்கிழமை பட்டமளிப்பு அங்கியைப் பொட்டலமாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாழாய்ப் போனவன் அன்றைக்கென்று அற்புதமாக வீசினான். ஆறு இன்னிங்ஸ் முடிந்தும் எதிரணியில் ஒருவன்கூட அவன் பந்தை அடித்து முதல் மூலைக்குப் போய்ச் சேரவில்லை. ஒன்பது இன்னிங்ஸும் இப்படியே முடிந்தால் ஆயுளுக்கு ஒருமுறை வாய்க்கிற சாதனை என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் கெட்டுப்போகும், அதுதான் எங்கள் ஆட்களின் சட்டம்.

"என்னா வெயில், ஸ்டெஃபான்!" என்றார் பின்வரிசை பெட்ராக்.

"ஆமாமா, நல்ல வெயில்" என்றார் அப்பா. அவர் குரல் நடுங்கியது. என் கல்லூரி அனுமதி வந்த அன்று அது நடுங்கவில்லை.

நடுவரோடு யாரோ சண்டை பிடித்தார்கள். ஆட்டம் நின்றது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு! இப்ப யாரும் அசையக் கூடாது."

"பஸ் போயிடும்பா."

"பட்டத்தைத் தபால்ல அனுப்புவாங்க. இந்த நாளைத் தபால்ல அனுப்புவாங்களா?"

பெட்ராக் சிரித்தார். "உக்காரும்மா, தம்பி மேல அவ்வளவு பொறாமையா?"

"ஆமா, பொறாமைதான்" என்றேன். பிறகு வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "இன்னும் ஒருத்தன்கூட ஹிட் அடிக்கல!"

நான் தேவாலயத்தில் துப்பிவிட்டதுபோல் அத்தனை பேரும் திரும்பினார்கள். அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாவின் பிடி தானாக விட்டது. சிலுவை போட்டுக்கொள்ள அவருக்கு அந்தக் கை வேண்டியிருந்தது.

"உன் சொந்தத் தம்பிடீ" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் உங்க சொந்தப் பொண்ணுப்பா."

பொட்டலத்தைக் கிழித்து, கறுப்பு அங்கியை அங்கேயே மாட்டிக்கொண்டேன். எவனோ விசிலடித்தான். மைதானத்தில் மிலான் நெற்றியைத் துடைத்துவிட்டுப் பந்தை வாங்கினான். எவனாவது அதை அடித்துத் தொலைக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்படவில்லை.

படியிறங்கும்போது மட்டையில் பந்து படும் சத்தம் கேட்டது. கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. பந்து பிடிபட்டதா, ஹிட்டா என்று நான் திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டி நடந்தேன்.