இடது பக்கம் நின்றவர்கள்

டர்ரென்று அபாய மணி அலறியது. ஏறிக்கொண்டிருந்த நகரும் படிக்கட்டு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. கீழே நெருக்கியடித்த கூட்டத்தில் யாருடைய முழங்கையோ சிவப்புப் பொத்தானில் பட்டிருக்கிறது.

“போச்சு! இன்னிக்கும் ஆபீஸ்ல திட்டு நிச்சயம்!” என்று ஒருவர் கத்தினார்.

“நீங்க ஆபீஸ் போறதே திட்டு வாங்கத்தானே? நகருங்க சார்!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

புடாபெஸ்டில் எங்கள் நிலையம் ஆழத்துக்குப் பேர் போனது. மூன்று படிக்கட்டுகளில் ஒன்றைக் கழற்றிப் போட்டுப் பழுது பார்க்கிறார்கள். மிச்சம், இறங்க ஒன்று, ஏற ஒன்று. ஒரு ரயிலில் வந்தவர்கள் மேலே போய்ச் சேர்வதற்குள் அடுத்த ரயில் வந்து கொட்டிவிடும்.

நான் லோரின்ஸ், டிக்கெட் பரிசோதகன். எங்கள் மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது. கையில் சிவப்புப் பட்டை கட்டிய நாங்கள்தான் தடுப்பு. அந்தப் பட்டையைக் கண்டால் ஊரே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

நிலையத் தலைவி போர்பாலா ஓடி வந்து, சாவி போட்டுப் படிக்கட்டை மறுபடி ஓடவிட்டாள். ஒலிபெருக்கியைத் தூக்கினாள். “ரெண்டு பக்கமும் நில்லுங்க! இடது பக்கமும் நில்லுங்க!”

யார் கேட்டார்கள்? நிற்பவர்களுக்கு வலது, ஓடி ஏறுபவர்களுக்கு இடது. இங்கே நடை பழகும் குழந்தைக்குக்கூட அது தெரியும். அந்த உயரத்துக்கு ஓடி ஏற யாருக்கு மூச்சு இருக்கிறது? படிக்கட்டின் பாதி காலியாகவே மேலே போகும்; கீழே கூட்டம் பிதுங்கும். ஒரு மாணவன் அவள் பேச்சைக் கேட்டு இடப்பக்கம் நின்றான். பின்னாலிருந்த அம்மாள் குடையால் அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள். “உங்கப்பன் கட்டின படியா? தள்ளி நில்லுடா!”

போர்பாலாவின் கைபேசி அடித்தது. தலைமை அலுவலகத்துத் துணை இயக்குநர் கால்மான். அந்த இரைச்சலிலும் அவர் குரல் எனக்கே கேட்டது.

“நாளைக்குக் காலைல நானே வந்து பாக்கறேன். இதே கூத்துன்னா திங்கள்கிழமைலேர்ந்து காலை நேரத்துல ஸ்டேஷனைப் பூட்டிடு. பழுது முடியற வரைக்கும்.”

“மேல ஆஸ்பத்திரி இருக்கு சார். அந்த நர்ஸுங்க எல்லாம் அடுத்த ஸ்டேஷன்லேர்ந்தா நடக்கணும்?”

“தண்டவாளத்துல ஒருத்தன் விழுந்தாலும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போகணும்மா.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளைச் சுட்டது. அவளே கேட்டு வாங்கிய நிலையம் இது. கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனாள்.

நானும் பின்னால் கிளம்பினேன். நெரிசலில் எவனோ என் இடது காலை மிதித்திருந்தான். அந்தப் பக்கக் கைப்பிடியில் சாய்ந்தால் தேவலை என்று, பழக்கத்தை மறந்து இடப்பக்கம் நின்றுவிட்டேன்.

மேலே போர்பாலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை இல்லை, எனக்குப் பின்னால்.

“லோரின்ஸ் அண்ணே, திரும்பிப் பாருங்க.”

இடப்பக்கம் அடிவரை ஆட்கள். எனக்குப் பின்னால் ஒருவரும் முணுமுணுக்கவில்லை, குடையும் நீளவில்லை.

“டிக்கெட் இல்லாதவன் பயத்துல உங்களைத் தாண்ட மாட்டான். இருக்கறவன், எதுக்கு வம்பு, பையைத் துழாவணும்னு தாண்ட மாட்டான்” என்றாள். அவள் முகம் விடிந்துவிட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பெண், என் மிதிபட்ட காலிலிருந்து ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டாளே!

அன்று மாலையே பரிசோதகர்கள் எல்லோரையும் கூட்டிவைத்துத் தன் யோசனையைச் சொன்னாள். என் கூட்டாளி தெஷோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். “இத்தனை வருஷமா நம்மளக் கண்டு ஜனங்க ஓடினாங்க. இப்ப நம்மள வெச்சே நிக்க வைக்கப் போறியா, தாயே?”

“ஆமா தெஷோ அண்ணே. ஆனா யார்கிட்டயும் டிக்கெட் கேக்கக் கூடாது. கேட்டா கூட்டம் நின்னுடும்.”

“கேக்காம நிக்கறதா? நாக்கு அரிக்குமே!”

மறுநாள் காலை வேலை ஆரம்பித்தது. இடப்பக்கம் நின்று ஏறுவோம், அடுத்த படிக்கட்டில் இறங்குவோம், மறுபடி ஏறுவோம். ராட்டினம்தான். கொஞ்ச நேரத்தில் எங்களுக்குப் பின்னால் மட்டுமல்ல, எங்களுக்கு முன்னாலும் ஜனங்கள் தாமாகவே இடப்பக்கம் நிற்கத் தொடங்கினார்கள். அடுத்த ரயில் வருவதற்குள் நடைமேடையின் தரை தெரிந்தது!

காப்பிக் கோப்பையோடு போன நர்ஸ் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். “வாழ்க்கையில முதல் தடவையா உங்களப் பாத்து எரிச்சல் வரல அண்ணே!”

ஒருமுறை எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டபடி வந்தார். புதுக் கோட்டு. நான் திரும்பினால் கூரையைப் பார்த்தார். மேலே வந்ததும் போர்பாலா விறைத்து நின்றாள்.

“வணக்கம், கால்மான் சார்!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரில் வருவார் என்று எங்கள் கண்ணெல்லாம் மேல் வாசலில்தான் இருந்தது. மனிதர் ரயிலில் வந்திருக்கிறார்.

அவர் கைப்பிடிமேல் குனிந்து கீழே பார்த்தார். ஒரு ரயில் வந்து கொட்டியது. கூட்டம் இரண்டு வரிசையாக அமைதியாக மேலே வந்தது. இன்னொரு ரயில். அதுவும் அப்படியே.

“பூட்ட வேண்டாம்” என்றார் கடைசியில். “நல்லா யோசிச்சிருக்கே, பொண்ணே.”

போர்பாலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே உரிய குறும்பு வந்துவிட்டது. “படியில ஓடியே ஏறுவீங்கன்னு உங்க ஆபீஸ்ல பெருமையா சொல்வாங்களே சார். இவரைத் தாண்டி வந்திருக்கலாமே?”

கால்மான் என் கைப்பட்டையை ஓரக்கண்ணால் பார்த்தார். குரல் இறங்கிப்போயிற்று.

“கோட்டை மாத்திட்டேம்மா, பாஸ் பழைய கோட்டுலயே இருக்கு... உங்க ஆளைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பச் சொல்லு.”